ஸ்லோனின் சன்னலா, பெல்லோஸின் குத்துச்சண்டை மேடையா?

1900-களின் நியூயார்க் தெருவாழ்க்கையை வரைந்த ஆஷ்கேன் ஓவியர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்?

ஜான் ஸ்லோன் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுக் கை பழகியவர். 1907-இல் வரைந்த ‘ஹேர்டிரெஸ்ஸர்ஸ் விண்டோ’வில் மாடிச் சன்னலருகே ஒரு பெண்ணின் தலைமுடிக்கு வேலை நடக்கிறது, கீழே தெருவில் ஒரு கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. சுவரெல்லாம் விளம்பரப் பலகைகள். நம் கண் மேலும் கீழும் போய்வர, கதை மெதுவாக விரிகிறது.

ஜார்ஜ் பெல்லோஸின் ‘ஸ்டாக் அட் ஷார்க்கீஸ்’ (1909) அப்படிக் காத்திருக்காது. ஷார்க்கீஸ் என்ற கிளப்பில் நடக்கும் குத்துச்சண்டைதான் படம். நியூயார்க்கில் பொதுவில் நடத்தும் பந்தயக் குத்துச்சண்டைக்கு அன்று தடை. தனியார் கிளப்புகள் வீரர்களைத் தற்காலிக உறுப்பினர்களாக்கிச் சமாளித்தன. ‘ஸ்டாக்’ என்றது அவர்களைத்தான். மேடையோரப் பார்வையாளரின் இடத்தில் நம்மை உட்கார வைக்கிறார் பெல்லோஸ். தோளும் தொடையும் அகலத் தூரிகையின் வேக இழுப்புகள். முகங்கள் கலங்கியே இருக்கும். அதைப் பிழையென்று நினைப்பவர்கள் படத்தையே தவறவிடுகிறார்கள், அசைவு பிறப்பது அங்கேதான்.

திரையில் சிறிதாகப் பார்த்தால் பெல்லோஸ் பாதி காணாமல் போவார். மூலம் ஏறக்குறைய 92 × 122 செ.மீ., கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்லோனின் 1905–06 செதுக்கச்சுப் படங்களோ (எட்சிங், உலோகத் தகட்டிலிருந்து தாளில் அச்சிடுபவை) சிறிய தாளுக்கென்றே செய்தவை. வீட்டிலிருந்து பார்ப்பவர் ஸ்லோனிடம் தொடங்குவதே நல்லது.