எல்லையோரக் கிராமத்து வீட்டுக்கு எந்த டார்ச் லைட்? ஓர் ஒப்பீட்டு அலசல்

பள்ளிப்பட்டு, நகரி, ஊத்துக்கோட்டை, சத்தியவேடு எனத் தமிழக ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஊர்களில் டார்ச் லைட்டுக்கு இரண்டு விதமான வேலை இருக்கிறது. முதலாவது அன்றாட வேலை. மும்முனை மின்சாரம் இரவில் வரும் கழனிகளில் மோட்டார் போடவும் மடை திருப்பவும் வரப்பில் நடக்க வேண்டும். மாந்தோப்புக்குக் காவல் போக வேண்டும். விடிவதற்கு முன்பே மாட்டுக் கொட்டகைக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை மாதங்களின் அவசர வேலை. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்களும், பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணி ஆற்றுத் தரைப்பாலங்களும் மூழ்கி, ஊர்கள் ஒன்றையொன்று எட்ட முடியாமல் போகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது, திருவள்ளூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

இந்த இரண்டு வேலைகளையும் ஒரே விளக்கின் தலையில் சுமத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு என்று நான் கருதுகிறேன். அன்றாட விளக்கை அதன் வெளிச்சத்தை வைத்து மதிப்பிடலாம். அவசர விளக்கையோ, மாதக்கணக்கில் அலமாரியில் சும்மா கிடந்த பிறகு கை வைத்தவுடன் எரிகிறதா என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

நம் கடைத்தெருக்களில் அதிகம் தொங்குவது, பின்பக்கத்தில் இரண்டு முள் பிளக் வைத்த சார்ஜ் லைட். விலை குறைவு, வெளிச்சம் அதிகம், கட்டை (கழற்றி மாற்றும் பேட்டரி) வாங்கும் செலவு இல்லை என்பதால் மக்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் இவற்றில் மலிவான பலவற்றுக்குள் இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. அது பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தானாகவே சார்ஜ் இழக்கும். சார்ஜ் இல்லாத நிலையிலேயே கிடந்தால் உள்ளிருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, பிறகு எவ்வளவு நேரம் பிளக்கில் செருகி வைத்தாலும் பழைய கொள்திறன் திரும்பாது. கோடை மழையின்போது பயன்படுத்திவிட்டு மறந்துபோன விளக்கு, புயல் இரவில் ஐந்து நிமிடம் எரிந்து மங்கிப் போவதற்குக் காரணம் இதுதான். அவ்வாறு மங்கியதை உயிர்ப்பிக்க மின்சாரம் வேண்டும். அந்த இரவில் இல்லாததும் அதுதான். தினமும் பயன்படுத்தித் தினமும் சார்ஜ் போடும் வீட்டில் இது ஓரளவு உழைக்கும். அவசரத்துக்கென்று எடுத்து வைப்பதற்கு இதைவிடப் பொருந்தாத விளக்கு வேறில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது, பெரிய கட்டை இரண்டோ மூன்றோ போடும் பழைய பாணி டார்ச். கட்டையின் உறையில் ஆர் 20 அல்லது எல்ஆர் 20 என்று அச்சிட்டிருக்கும். முன்னது துத்தநாகக் கரி வகை, பின்னது ஆல்கலைன். முன்பு இந்த டார்ச்சுகளில் இழை பல்பு இருந்ததால் கட்டை சில மணி நேரத்தில் தீர்ந்துபோனது, வெளிச்சமும் மஞ்சளாக மங்கியது. இப்போது அதே உடலில் எல்.இ.டி. வந்துவிட்டதால், மிதமான வெளிச்சத்தில் இரண்டு ஆல்கலைன் கட்டைகள் ஒரு வெள்ள வாரத்தின் மாலைகளுக்குத் தாராளமாகப் போதும். முழுதாகத் தீர்ந்துபோனாலும், மளிகைக் கடை வரை நடக்க முடிந்தால் விளக்கு மீண்டும் எரியும். மின்வாரிய லைன்மேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதன் குறை கசிவு. தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டுவைத்தால் அடிமூடியின் ஸ்பிரிங்கில் பிசுபிசுப்பாகவோ வெள்ளைப் பொடியாகவோ ஏதோ பூத்திருப்பதைக் காணலாம். ஆல்கலைன் கட்டை கசிந்ததென்றால் அது காரம். எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மணல் தாளால் ஸ்பிரிங்கை இலேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் விளக்கு பிழைத்துவிடும். வருமுன் காப்பதோ இன்னும் எளிது. கட்டைகளை வெளியே எடுத்து, ஒரு சிறு பையில் போட்டு, டார்ச்சோடு சேர்த்து நூலால் கட்டி வைத்தால் போதும். ஒரு கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வைக்கும் பெரியவர்களின் பழக்கம், பையில் சுவிட்ச் தெரியாமல் அழுந்தி எரிந்து தீர்வதைத் தடுக்கிறது, கசிவைத் தடுப்பதில்லை.

பென்சில் பேட்டரியில் எரியும் சிறிய டார்ச்சும், தலையில் மாட்டும் விளக்கும் இதற்கு இளைய உறவுகள். கொள்திறன் குறைவு என்றாலும், தேவைப்பட்டால் சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு கட்டையைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பது வெள்ளத்தில் சிக்கிய வீட்டுக்குச் சிறிய விஷயமல்ல. கைக்குழந்தையையோ மூட்டையையோ தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக நேர்ந்தால் தலைவிளக்குக்கு ஈடு இல்லை.

நான்காவது வகை, லித்தியம் அயான் செல் போட்ட உலோக டார்ச். அன்றாடக் கழனி வேலைக்கு இதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய வகையாக இருக்க வேண்டும். இவற்றில் பரவலாக உள்ள 18650 என்ற செல்லின் பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல நிறுவனங்களின் 18650 செல் அதிகபட்சம் ஏறத்தாழ 3500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி, செல்லின் கொள்திறன் அலகு) கொள்ளும், சற்றுப் பெரிய 21700 செல் 5000 அளவுக்குக் கொள்ளும். ஆகவே 18650 செல்லின் மேல் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால், அது பொய் என்பதை வேறெதையும் சோதிக்காமலே சொல்லிவிடலாம். அந்தச் செல்லோடு வரும் டார்ச்சின் மற்ற வாக்குறுதிகளையும் நம்ப வேண்டியதில்லை. உண்மையான லித்தியம் செல் சும்மா கிடக்கும்போது இழக்கும் சார்ஜ் மிகக் குறைவு. யு.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் ஏறும் டார்ச்சாக இருந்தால், பவர் பேங்க் கொண்டோ, டிராக்டரின் பேட்டரியில் மாட்டிய சார்ஜர் கொண்டோ நிரப்பிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் லூமன் கணக்கை, அதாவது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவை, அப்படியே நம்பிவிடக் கூடாது. உச்ச வெளிச்சத்தில் எல்.இ.டி. விரைவில் சூடாவதால், பெரும்பாலான சிறிய டார்ச்சுகள் சில நிமிடங்களிலேயே தாமாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கின்றன. டார்ச்சுகளுக்கான எஃப்.எல். 1 என்ற தர அளவீட்டின்படி, எரியும் நேரம் என்பது தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம்; முழு வெளிச்சத்தோடு எரியும் நேரமல்ல. அதே அளவீட்டில் எட்டும் தூரம் என்பது, முழு நிலவொளி அளவான 0.25 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) விழும் தூரம். பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், தோப்பில் நிற்பது ஆளா மாடா என்று தெளிவாகத் தெரிவது அதில் பாதித் தூரம் வரைதான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கழனிக்குப் போகிறவருக்கு நூறு மீட்டரைவிட முக்கியமானது காலடியில் இருக்கும் இரண்டு மீட்டர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது; இறப்பு மிகுந்த மாநிலங்களில் ஆந்திராவும் ஒன்று. வேர்க்கடலைக் கொடியிலும் காய்ந்த மாவிலைச் சருகிலும் கண்ணாடி விரியன் படுத்திருந்தால், அதன் உடலிலுள்ள வட்டத் திட்டுகள் தரையோடு கலந்துவிடும். தலைவிளக்கின் ஒளி கண்ணுக்கு அருகிலிருந்தே போவதால் பொருளின் நிழல் அதன் பின்னால் மறைந்து, தரை தட்டையாகத் தெரிகிறது. கையில் பிடித்த டார்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, முன்னோக்கிச் சாய்த்துப் பிடித்தால், சுருண்டு கிடக்கும் உடலின் நிழல் பக்கவாட்டில் நீண்டு விழுந்து காட்டிக்கொடுக்கும். ஆகவே வரப்பில் கைடார்ச், மோட்டார் கொட்டகைக்குள் இரண்டு கையும் தேவைப்படும் ஸ்டார்ட்டர் வேலைக்குத் தலைவிளக்கு என்பதே என் முடிவு. நீலம் கலந்த வெள்ளை ஒளியைவிடச் சற்று இளமஞ்சள் சாய்ந்த ஒளியில் பழுப்பு நிற வேறுபாடுகள் நன்றாகத் தெரிகின்றன என்பதையும் கவனித்து வாங்கலாம்.

கைப்பிடி சுழற்றி எரியவைக்கும் டைனமோ விளக்கும் செல்போன் விளக்கும் போட்டியிலேயே சேராது. முன்னது, சுழற்றும் உழைப்புக்கு ஈடான வெளிச்சம் தருவதில்லை. பின்னதோ, உதவி கேட்டு அழைக்க வேண்டிய கருவியின் சார்ஜைத் தின்றுவிடுகிறது.

நீர் புகாத் தன்மையில் ஐ.பி.எக்ஸ். 4 என்றால் மழைத் தெறிப்பைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். கழனிக் கால்வாயில் நழுவி விழக்கூடிய விளக்குக்கு ஏழு வேண்டும், வீட்டு விளக்குக்கு நான்கு போதும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள வீட்டுக்கு, பெரிய கட்டை போடும் எல்.இ.டி. டார்ச்சையே சொல்வேன், அது கழனிக்கும் போதுமான அளவு உதவும். இரண்டு வாங்க முடிந்தால், அதோடு 18650 டார்ச் ஒன்றைச் சேர்க்கலாம். கடையில் வாங்கும்போது அடிமூடியைத் திறந்து மரையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; கட்டை போட்டு எரியவைத்து, உள்ளங்கையில் இரண்டு முறை தட்டி, வெளிச்சம் துடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வீட்டு விளக்காக இருந்தால், ஐந்து விதமாக மின்னும் பொத்தானைத் தவிர்த்து, முன்னே தள்ளினால் எரியும், பின்னே இழுத்தால் அணையும் சுவிட்ச் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். இருட்டில் முதலில் அதைத் தேடி எடுப்பது வீட்டிலிருக்கும் பாட்டியாகவும் இருக்கலாம்.