காதுக்குள் ஒரு தடவைகூடப் பார்க்காமல் எண்ணெய் ஊற்றினார்கள்

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், மூலக்கடை பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். காது இரைச்சலுக்கும் தலைசுற்றலுக்கும் ஆயுர்வேத சிகிச்சை என்று துண்டுச்சீட்டு கொடுக்கும் ஒரு இடத்தில் எங்கள் அப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

அப்பா தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் காதுக்குள் 'ஙொய்ய்' என்ற சத்தம் மட்டும் அவரை விடவில்லை. ராத்திரி ஊர் அடங்கினால் அது ஏறிவிடும். ஃபேன் சத்தம் இருந்தால்தான் தூங்குவார், கரண்ட் போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். போதாக்குறைக்குப் போன வருஷம் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. படுக்கையில் வலது பக்கம் திரும்பினால் வீடே சுற்றும். அரை நிமிஷத்தில் நின்றுவிடும், மறுபடி திரும்பினால் மறுபடி சுற்றும்.

மார்க்கெட்டில் அம்மா கைக்கு வந்த சீட்டில் 'காது இரைச்சல், தலைசுற்றல், செவிட்டுத்தன்மை: நிரந்தர நிவாரணம், கேரள முறைப்படி' என்று இருந்தது. போனோம். வெள்ளைக் கோட்டு போட்டவர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார். "வாதம் ஏறி நரம்பு தளர்ந்துபோச்சு ஐயா. தைலத்துல சரி பண்ணிடலாம்" என்றார். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவே இல்லை. சின்ன வயசில் காதில் சீழ் வடிந்ததா, எந்தக் காதில் சத்தம், எப்படித் திரும்பினால் சுற்றுகிறது என்று ஒரு கேள்வி கிடையாது. 18,500 ரூபாய் பேக்கேஜ். காதில் தைலம் நிரப்புவது, தலையில் தாரை (நெற்றியில் விடாமல் ஒழுகவிடுவது), அப்புறம் லேகியம்.

எண்ணெய் ஊற்றிய பையனுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். எவர்சில்வர் டம்ளரில் தைலத்தை ஊற்றி இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு நேராகக் காதில் ஊற்றினான். தைலப் பாட்டிலில் லேபிள் இல்லை, ஸ்கெட்ச் பேனாவால் '4' என்று எழுதியிருந்தது. என்ன தைலம் என்று கேட்டேன். "நாங்களே காய்ச்சினது, அக்கா." அந்த 'நாங்கள்' யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

முதல் நாளே எரிகிறது என்றார் அப்பா. "கெட்ட வாதம் வெளியேறுது பெரியவரே, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அடுத்த தடவை ஊற்றினதும் தலை சுற்றி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அதற்கும் அதே பதில். அந்த வாரமே காதிலிருந்து நாற்றத்தோடு நீர் வடிய ஆரம்பித்தது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்த டாக்டரம்மா விளக்கு வைத்த கருவியால் உள்ளே பார்த்ததுமே, "செவிப்பறையில பழைய ஓட்டை இருக்கே, இதுல எண்ணெய் யாரு ஊத்தினா?" என்றார். ஓட்டை இருக்கும் காதில் ஊற்றுகிற எண்ணெய் நடுக்காது வரை போய்விடும், சீழ் பிடிக்கும். தலை சுற்றியதற்கும் காரணம் சொன்னார். உடம்புச் சூட்டைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ ஏதாவது காதுக்குள் போனால், உள்காதின் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம் அசைந்து தலை சுற்றும். வாதம் வெளியேறின கதையெல்லாம் இவ்வளவுதான்.

சீழ் நின்றதும் தலைசுற்றலைப் பார்த்தார்கள். அப்பாவை உட்கார வைத்து, தலையை வலது பக்கம் திருப்பிப் பிடித்தபடி சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார் டாக்டரம்மா. "கண்ணைப் பாருங்க" என்றார் என்னிடம். கருவிழி படபடவென்று ஒரே பக்கமாக இழுத்து இழுத்து ஆடியது. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிக் குழாய்க்குள் விழுந்தால் இப்படித்தான் சுற்றுமாம். அதற்கு எப்லி என்ற முறை இருக்கிறது. தலையை ஒவ்வொரு கோணத்திலும் கொஞ்ச நேரம் நிறுத்தித் திருப்பித் திருப்பி அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்கே அனுப்புவது. மருந்தும் இல்லை, செலவும் இல்லை. அப்பாவுக்கு இப்போது திரும்பிப் படுத்தால் சுற்றுவதில்லை.

இரைச்சல் போகவில்லை. அது பட்டறைச் சத்தத்தில் உள்காதில் சத்தத்தை உணரும் செல்கள் கெட்டதால் வந்தது, அந்தச் செல்கள் திரும்ப முளைக்காது, இதை அடியோடு போக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இன்றைக்கு இல்லை என்று ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுத்துவிட்டு நேராகவே சொன்னார்கள். காது மெஷின் வைத்தால் வெளிச்சத்தம் நன்றாகக் கேட்கும், உள்ளே கேட்கும் இரைச்சல் அமுங்கும் என்றார்கள். வைத்திருக்கிறோம், பரவாயில்லை. ஒரே காதில் மட்டும் இரைச்சல் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டச் சொன்னார்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டுமாம்.

இதைப் படித்துவிட்டு ஆயுர்வேதத்தைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள். அப்பாவுக்கு அதில் இருந்த நம்பிக்கை போகவில்லை, அவர் கட்டாயப்படுத்தி அரும்பாக்கம் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கும் போனோம். அங்கே ஆயுர்வேதப் பிரிவில் முதலில் பார்த்ததே காதுக்குள்தான். "காதுல தைலம் நிரப்புற கர்ணபூரணம் நல்ல சிகிச்சைதான். ஆனா சவ்வுல ஓட்டை இருந்தா நாங்க பண்ணவே மாட்டோம்" என்றார் அந்த டாக்டர். சுசுருத சம்ஹிதையே காது நோய்களை 28 என்று பிரித்து, இரைச்சலான கர்ணநாதத்தையும் காதில் வடிவதையும் வேறு வேறாகத்தான் சொல்கிறது. நம்ம வெள்ளைக் கோட்டுக்காரருக்கு எல்லாமே ஒரே பாட்டில், நம்பர் 4.

எண்ணெய் ஊற்றிய இடத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது துண்டுச்சீட்டின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தைக் காட்டினார்கள்: 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது'. ஆயுர்வேத டாக்டர் பட்டமான பி.ஏ.எம்.எஸ். பதிவு எண் கேட்டால், பெரிய டாக்டர் கேரளாவில் இருக்கிறார் என்று பதில். செவிட்டுத்தன்மையைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷ மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம், அதனால் அந்தத் துண்டுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பில் கொடுக்கவில்லை, ஆனால் பணம் ஜிபேயில் ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போனது. அந்த ஸ்கிரீன்ஷாட்தான் இப்போது எங்களுக்குப் பெரிய சாட்சி. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம், பிறகு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

அதே இடத்தில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் துண்டுச்சீட்டு, ரசீது, லேபிள் இல்லாத பாட்டில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே மனு போடலாம். போன வாரம் மூலக்கடை பஸ் ஸ்டாப்பில் அதே போன் நம்பரோடு 'மூட்டுவலி இலவச முகாம்' என்று சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.