இருண்ட முடிவா, விடியும் முடிவா?

கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் துப்பறியும் கதை கேட்டு வருபவர்களுக்கு ஒரே குழப்பம்: சோகமாக முடிவதா, நல்லபடியாக முடிவதா? ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ (And Then There Were None) என்ற ஒரே கதைக்கு இரண்டையும் எழுதினார். 1939 நாவலில் தீவுக்குப் போன பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. 1943 நாடகத்தில் இருவரை நிரபராதிகளாக்கிப் பிழைக்க வைத்தார்.

மனதில் நிற்பது: நாவல் பல நாள் விடாது. பிறர் சாவுக்குக் காரணமாகியும் சட்டத்துக்குத் தப்பியவர்கள் அந்தத் தீவில் தப்ப முடியாது. அந்தக் கணக்கு கடைசிவரை பிசகாது. நாடகத்தில் அது தளர்ந்துவிடுகிறது.
மறுவாசிப்பு: நாவல்தான்.
நிம்மதியான தூக்கம்: நாடகம்.

வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் நாவலை எடுங்கள். வீட்டில் சேர்ந்து வாசிக்க, அப்புறம் சமீபத்தில் துக்கம் கண்டவர்களுக்கு, நாடகமே சரி. எனக்கு என்றும் 1939தான்.