சூப்பர்நேச்சுரல்: இரு சகோதரர்களும் ஒரு கறுப்பு காரும்

2005 முதல் 2020 வரை 15 பருவங்களாக, 327 அத்தியாயங்கள் ஒளிபரப்பான அமெரிக்கத் தொடர் ‘சூப்பர்நேச்சுரல்’, பேய்களையும் பிசாசுகளையும் வேட்டையாடும் டீன், சாம் என்னும் சகோதரர்களின் கதை. என் தந்தை மறைந்த ஆண்டில், உறக்கம் வராத இரவுகளில் இதைப் பார்க்கத் தொடங்கினேன். தந்தையை இழந்த பிறகும் அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்பைப் புரட்டிப் புரட்டி வழி தேடும் அந்த இருவரும் எனக்கு உற்ற துணையானார்கள்.

ஐந்தாம் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், சாத்தானான லூசிஃபரின் பிடியில் தன்னை இழந்துவிட்ட சாமின் பார்வை, சிறுவயதில் அவன் தங்கள் குடும்பத்தின் கறுப்பு 1967 இம்பாலா காரின் சாம்பல் கிண்ணத்தில் செருகிவைத்த பொம்மைப் படைவீரன்மீது விழுகிறது. அண்ணனோடு கழித்த நாள்களெல்லாம் நினைவுக்கு வந்து அவன் மீண்டெழும் அந்தக் காட்சியில் இன்றும் என் கண்கள் கலங்குகின்றன. அப்பாவின் பழைய ஸ்கூட்டரை விற்க எனக்கு ஏன் மனம் வரவில்லை என்பது அங்கேதான் விளங்கியது.

தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி பொறுப்பிலிருந்த முதல் ஐந்து பருவங்களின் கட்டுக்கோப்பு பின்னாளில் தளர்ந்தது உண்மை. கடவுளையே எதிரியாக்கிய கடைசிப் பருவம் என்னைப் பெரிதாக ஈர்க்கவில்லை. ஆயினும், குடும்பம் என்பது ரத்த உறவோடு முடிந்துவிடுவதில்லை என்று சொல்லும் சகோதரர்களுக்குத் தந்தைபோல் இருக்கும் வேட்டைக்காரர் பாபியின் கரகரத்த குரலைக் கேட்பதற்காகவே மூன்றாம் பருவத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன்.