நள்ளிரவு வாகனத் தணிக்கை: ஒரு பூக்காரரின் மதிப்புரை

வில்லிவாக்கத்தில் பூக்கடை வைத்திருப்பவனுக்கு இரவு ஒன்றரை மணிக்கே பொழுது விடிந்துவிடும். கோயம்பேடு பூ அங்காடியில் நல்ல மல்லி கைக்கு வரவேண்டுமானால் கூட்டம் சேர்வதற்குள் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சாலையில் எனக்குக் கிடைக்கும் ஒரே அரசு சேவை வாகனத் தணிக்கைதான். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, வேண்டாம் என்று மறுக்கவும் வழி கிடையாது. ஓட்டலுக்கும் சலூனுக்கும் நட்சத்திரம் போடுகிறவர்கள் இதை விட்டுவைத்திருக்கிறார்கள். நான் போடுகிறேன்: ஐந்துக்கு மூன்று.

சாதாரண நாளில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். இரும்புத் தடுப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருப்பார்கள். டார்ச் வெளிச்சம் முகத்தில் விழும், ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு. அசல் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் சுமந்து திரிந்த காலம் போய்விட்டது. 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியதிலிருந்து டிஜிலாக்கர், எம்பரிவாஹன் என்ற அரசுச் செயலிகளில் காட்டினால் போதும். உரிமத்தைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டு அதுவும் டிஜிட்டல்தானே என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செல்லாது. ஹெல்மெட் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய், குடித்திருந்தால் பத்தாயிரம். இந்தப் பகுதிக்கு நான் தனியாக மதிப்பெண் போடவில்லை. ஊதச் சொன்னால் ஊதுகிறேன், அவ்வளவுதான்.

நான் நட்சத்திரம் கொடுப்பது வேறொன்றுக்கு. தாளைப் பார்த்துவிட்டு வண்டியையும் பார்க்கிற காவலருக்கு.

நம்பர் பிளேட்டில் மாட்டியவர்களின் பட்டியல் நீளமானது. 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்ற திமோத்தி மெக்வேயைப் பிடித்தது பெரிய துப்பறியும் படை அல்ல. குண்டு வெடித்து ஒன்றரை மணி நேரத்தில், நெடுஞ்சாலையில் ஒரு மஞ்சள் கார் பின்பக்கம் பிளேட் இல்லாமல் போகிறதே என்று ஒரு ரோந்துக் காவலர் நிறுத்தினார். ஓட்டியவனிடம் துப்பாக்கி இருந்தது, உள்ளே வைத்தார்கள். தாங்கள் பிடித்து வைத்திருப்பது யாரை என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃபை அந்த நாட்டுப் போலீஸ் ஒன்பது முறை விசாரித்து, ஒன்பது முறையும் விட்டுவிட்டது. 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் அவன் காரில் மாட்டியிருந்தது வேறொரு காரின் பிளேட் என்று கண்டதும்தான் கதை முடிந்தது.

நம் ஊர்க் கணக்கு இதைவிடச் சின்னது, ஆனால் முறை அதேதான். சங்கிலி பறிக்கிறவனும் போன் பறிக்கிறவனும் சொந்த வண்டியில் வரமாட்டான்; தெருவுக்குத் தெரு கேமரா இருக்கிறது. முதலில் ஒரு வண்டியைத் திருடுவான், பிளேட்டை மாற்றுவான், பிறகுதான் தொழிலுக்குக் கிளம்புவான். ஆகவே வண்டித் திருட்டைப் பிடித்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் வெளியே வரும். சென்னை காவல் துறை ஐ.வி.எம்.எஸ். என்ற வாகனக் கண்காணிப்புச் செயலியைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். சாலையில் நிற்கும் காவலர் வண்டி எண்ணைத் தன் போனில் தட்டினால், அது காணாமல் போன வண்டியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

செயலி நல்ல செயலிதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். எந்தச் சந்திப்பு என்று சொல்லப்போவதில்லை.

எனக்கு முன்னால் ஒரு பையன் சாம்பல் நிற ஸ்கூட்டரில் நின்றான். இளம் காவலர் எண்ணைத் தட்டிப் பார்த்து, "வழக்கு எதுவும் இல்லை சார்" என்றார். பையன் சாவியைத் திருகிவிட்டான். பக்கத்தில் நின்ற ஏட்டு, ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், "நிறம் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.

"சிவப்பு."

அவர் ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போய்க் குனிந்தார். 2019 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயம். அதில் இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் பதித்த ஹாலோகிராம் இருக்கும், கீழே லேசரில் பொறித்த எண் இருக்கும், பிளேட்டைப் பிணைத்திருக்கும் பூட்டைக் கழற்றினால் உடைந்துவிடும். ஏட்டு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பிளேட்டின் கீழ் மூலையில் தேய்த்தார். புழுதி போனது, எண் எதுவும் வரவில்லை. நான்கு மூலையிலும் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட். அதாவது, அந்த எண் வேறு யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் பத்திரமாக நிற்கும் சிவப்பு ஸ்கூட்டருடையது. அது திருடு போகவில்லை, அதனால் செயலியில் வழக்கும் இல்லை.

"சீட்டைத் திற, தம்பி."

உள்ளே ஒரு மழைக்கோட்டு, அதற்கடியில் நான்கு போன்கள். எல்லாம் அணைத்து வைத்தவை. ஒன்றின் பின் உறைக்குள் ஒரு ஸ்மார்ட் ரேஷன் அட்டை செருகியிருந்தது. அதில் நடுவயதுப் பெண் ஒருவரின் படம்.

"யார் இது?"

"என் அம்மா சார்."

"அம்மா பெயர் என்ன?"

பையன் என்னைப் பார்த்தான். எனக்கு எப்படித் தெரியும்? ஏட்டு அட்டையை மூடிப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகப் பொறுமையாக நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பூக்காரரே, நீங்கள் கிளம்புங்கள், சரக்கு தீர்ந்துவிடப்போகிறது" என்றார். பிறகொரு நாள் அவரே என்னை நிறுத்தியபோது கேட்டேன். ஸ்கூட்டர் பெரம்பூர்ப் பக்கம் காணாமல் போனதாம், போன்கள் பஸ் நிறுத்தங்களில் பறித்தவையாம். அந்த அம்மாள் ரேஷன் அட்டை கிடைத்ததற்குத்தான் அதிகம் சந்தோஷப்பட்டாராம். எனக்கு அது வியப்பாக இல்லை. போன் தவணையில் கிடைக்கும். அட்டைக்கு யார் அலைவது.

மூன்று நட்சத்திரமும் அந்த ஏட்டின் கட்டைவிரலுக்குத்தான். மீதி இரண்டை எங்கே குறைத்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

ஒன்று, யாரை நிறுத்துகிறார்கள் என்பது. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கைலியோடு சாக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகிறவனை நிறுத்தாத இரவு அபூர்வம். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிய கார் வந்தால் சில இடங்களில் டார்ச்சே தாழ்ந்துவிடுகிறது. என் மூட்டையில் சம்பங்கி இருக்கிறது என்று மோப்பத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் காரில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, விற்பனைக்குப் பிந்தைய சேவை. இதில் பூஜ்யம் போடலாம். என் மச்சானின் எக்ஸ்.எல். வீட்டு வாசலில் திருடு போய், புறநகரில் ஒரு தணிக்கையில் அகப்பட்டது. கிடைத்துவிட்டது என்று போன் வந்ததும் வீட்டில் கேசரி கிளறினார்கள். வண்டி கையில் வரவில்லை. அது இப்போது வழக்குச் சொத்து. நீதிமன்றத்தில் மனு போட்டு இடைக்காலப் பொறுப்பில் எடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 497. கைப்பற்றிய வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் போட்டு வைப்பதில் பயனில்லை, படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. அந்த நிலையத்தின் பின்புறத்தில் இது எட்டியதாகத் தெரியவில்லை. மச்சான் போய்ப் பார்த்தபோது சீட்டில் வேப்பிலைச் சருகு ஒரு சாண் உயரம். சக்கரக் கம்பிகளில் கோவைக்கொடி ஏறியிருந்தது. பாட்டரி இல்லை. திருடன் எடுத்தானா, பிறகு போனதா என்று கேட்டதற்கு, "வண்டி வந்ததே பெரிது என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். வக்கீலுக்கும் பாட்டரிக்கும் டயருக்கும் கொடுத்ததைக் கூட்டினால் பழைய எக்ஸ்.எல். ஒன்று வாங்கியிருக்கலாம்.

அப்படிப் பழைய வண்டி வாங்கப்போகிறவர்களுக்கு, இந்தத் தணிக்கையை நீங்களே வீட்டு வாசலில் இலவசமாக நடத்திக்கொள்ளலாம். தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் வண்டி நிலையைத் தேடும் வசதி இருக்கிறது. எம்பரிவாஹனில் எண்ணைத் தட்டினால் வண்டியின் வகையும் மாடலும் வரும், ஆர்.சி.யைக் கையில் வாங்கி, நிறத்தையும் வண்டியின் சட்டகத்தில் பொறித்த சேசிஸ் எண்ணையும் எதிரே நிற்கும் வண்டியோடு ஒப்பிடுங்கள். விலை மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியதாக புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை போக இடமிருக்கிறது. எனக்குத் தெரியாது சார் என்பதை நீங்கள்தான் நம்பவைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, அந்தச் சேசிஸ் எண்ணை (பைக்குகளில் பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும்) துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். இப்போதைய வண்டிகளில் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வரவே வராது. இடையில் ஓர் எண் மட்டும் வரிசையை விட்டு ஏறியோ இறங்கியோ நின்றால், விற்பவர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.