சிடிசி பற்றுச்சீட்டு: மீதிக் காசு கிடைக்காது, கவனம்

சிடிசி என்பது சிங்கப்பூரின் சமூக மேம்பாட்டு மன்றம். அதன் பற்றுச்சீட்டாக 2026 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூரர் வீட்டுக்கும் வந்த 300 வெள்ளியில் (டாலர்) பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், மறுபாதி பேரங்காடிக்கும். ஒன்றை மற்றதில் செலவழிக்க முடியாது. வீட்டில் ஒருவர் சிங்பாஸில் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) பெற்றால் போதும். குறுஞ்செய்தியில் வரும் சீட்டு இணைப்பை வீட்டில் மற்றவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

சீட்டுகள் 2, 5, 10 வெள்ளி. சிக்கலே இங்குதான். தேக்கா ஈரச்சந்தையில் மீன் 11.40 வெள்ளி என்றால் இரண்டு 10 வெள்ளிச் சீட்டைத் தட்டிவிடாதீர்கள், 8.60 போச்சு. 5, 2, 2, 2 என்று தேர்ந்தெடுத்து, 40 காசைச் சில்லறையாகக் கொடுங்கள். 2 வெள்ளிச் சீட்டுகளைக் கடைசிவரை காப்பாற்றுவதே கெட்டிக்காரத்தனம். எல்லாரும் முதலில் அதைத்தான் தீர்க்கிறார்கள், கோப்பிக்கு!

தொகையைத் தேர்ந்தெடுத்ததும் வரும் கியூஆர் குறியீட்டைக் கடைக்காரர் ஸ்கேன் செய்வார். குடும்பத்தில் இருவர் ஒரே நேரத்தில் செலவழித்தால் இருப்பு குழப்பும். காட்டுவதற்குமுன் பக்கத்தைப் புதுப்பியுங்கள்.

மது, சிகரெட், லாட்டரிக்குச் செல்லாது. கைத்தொலைபேசி பழகாத முதியவர்கள் சமூக மன்றத்தில் அச்சிட்டு வாங்கலாம். அது பாராட்ட வேண்டிய ஏற்பாடு. 2026 டிசம்பர் 31 கெடு.