எக்ஸாஸ்ட் ஜாக்: தூக்குவது பை, கூம்பைப் பிடிப்பது யார்?

மணலில் சிக்கிய வண்டியை அதன் சைலன்ஸர் புகையாலேயே உப்பித் தூக்கும் காற்றுப் பைதான் எக்ஸாஸ்ட் ஜாக். என்னுடையதற்கு ஒட்டுப் போட்டு நேற்றுதான் வாங்கி வந்தேன். கராஜ்காரர்கள் யாரும் தொடவில்லை. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ரப்பர் படகு ரிப்பேர் பார்க்கிற ஒருவர்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது படகுத் துணிதானே, வெச்சுட்டுப் போங்க" என்றார். வால்வு உட்காரும் வட்டத்தில் ஓரம் விட்டிருந்தது. பிவிசி துண்டு, பசை, ஒரு நாள் காயவைத்தல், அவ்வளவுதான் வேலை. ஓட்டை விழுந்தாலும் தூக்கிப் போட வேண்டாம், ஒட்டிக்கொள்ளலாம். இந்த ஜாக்கைப் பற்றி யாரும் சொல்லாத நல்ல விஷயம் இது. இனி என் ஆத்திரத்தைக் கேளுங்கள்.

அந்தக் கூம்பு. என் கோபம் முழுக்க அதன் மேல்தான்.

பையிலிருந்து வரும் குழாயின் முனையில் ரப்பர் கூம்பு ஒன்று இருக்கும். அதைச் சைலன்ஸர் வாயில் அழுத்திப் பிடித்தால் என்ஜின் புகையிலேயே பை ஒரு நிமிடத்துக்குள் உப்பிவிடும். விளம்பரப் படத்தில் ஒற்றை ஆள் ஒய்யாரமாகக் குனிந்து பிடித்திருப்பார், சட்டையில் ஒரு கறை இருக்காது. நிஜத்தில் பையில் காற்று ஏற ஏறக் கூம்பு திமிறுகிறது. கொஞ்சம் கை தளர்ந்தால் 'புஸ்'ஸென்று விலகி முகத்தில் புகையடிக்கிறது. ஒருவழி வால்வு இருப்பதால் ஏறிய காற்று இறங்காது. ஆனால் மறுபடி அழுத்த வேண்டும், அதற்குள் குழாய் சுடத் தொடங்கியிருக்கும். முழங்கை வரை கரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காராவிட்டால் அத்தனை புகையும் நெஞ்சுக்குள்.

கரியைக் கழுவிக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. பை இருப்பது கதவுக்குக் கீழே, நான் இருப்பது வண்டியின் பின்னால். என்னுடையது பழைய நிசான் பேட்ரோல் சஃபாரி, ஐந்து மீட்டர் நீளம். மணல் சரிவில் பை ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்பதைத்தான் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், சாய்ந்தால் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கூம்பைப் பிடித்திருப்பவனுக்கு அது தெரியாது. ஆக, பிடிக்க ஓர் ஆள், பார்க்க ஓர் ஆள். பாலைவனத்தில் இன்னொரு ஆள் இருந்தால் பெரும்பாலும் இன்னொரு வண்டியும் இருக்கும். இன்னொரு வண்டி இருந்தால் கயிற்றைப் போட்டு இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாமே! தனியாகப் போகிறவனுக்கு என்று விற்கிற பொருள், தனியாக இருக்கும்போதுதான் படுத்துகிறது.

அதனால் நான் இப்போதெல்லாம் சைலன்ஸர் பக்கம் போவதே இல்லை. பையில் கம்ப்ரஸர் மாட்ட இன்னொரு வாய் இருக்கிறது. பை பிடிப்பது 200 லிட்டருக்கு மேல். நல்ல 12 வோல்ட் கம்ப்ரஸருக்கே நாலைந்து நிமிடம் ஆகும். ஆகட்டும், பைக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்க முடிகிறதல்லவா? எக்ஸாஸ்ட் ஜாக்குக்குக் காசு கொடுத்துவிட்டு எக்ஸாஸ்டையே பயன்படுத்தாமல் இருக்கிறேன் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இத்தனை திட்டுகிறேனே, ஏன் இன்னும் டிக்கியில் வைத்திருக்கிறேன்? பாப்-அவுட், அதாவது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடுவது.

மணலில் டயர் காற்றை 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை இறக்கித்தான் ஓட்டுவோம். அபுதாபியின் லிவா பக்கத்துப் பெரிய மணல் மேடுகளில் சரிவாகப் போகும்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வேகமாக ஒடித்தால் போதும், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அங்கே பாட்டில் ஜாக்கைப் பலகை மேல் வைத்து அடித்தால் வண்டி மேலே வராது, பலகைதான் கீழே போகும். இந்தப் பையின் அகலம் 60 செ.மீ. அந்தப் பரப்புக்கு 5 பிஎஸ்ஐ காற்று இருந்தாலே ஏறக்குறைய ஒரு டன்னைத் தாங்கும். காற்று இறக்கிவிட்ட டயரில் இருப்பதில் பாதிகூட இல்லை. அடியில் மணல் நறநறவென்று கொஞ்சம் அமுங்கும், அப்புறம் வண்டி மெல்ல மெல்ல எழும்பும். பார்க்கிறபோது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: பாடி எழும்பும், சக்கரம் எழும்பாது. பை தூக்குவது வண்டியின் அடிச்சட்டமான சேஸியை. ஸ்பிரிங் நீண்டு, சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும். பை 75 செ.மீ. உயரம் போகும் என்கிறார்கள், அதில் நல்ல பங்கை ஸ்பிரிங்கே தின்றுவிடும். தூக்குவதற்கு முன் ராட்செட் பெல்ட்டால் ஆக்ஸிலைச் சேஸியோடு இறுக்கிக் கட்டிவிட்டால் சக்கரமும் கூடவே வரும். பிறகு ரிம் விளிம்பில் உள்ள மணலைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரைப் போட வேண்டும். 'டப்' என்று டயர் உட்காரும் அந்தச் சத்தத்துக்காகக் கூம்பையும் மன்னிக்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றும்.

சப்கா என்கிற உப்புச் சமவெளி இன்னொன்று. மேலே உப்புப் பொருக்கு காய்ந்து தரை மாதிரி இருக்கும், கீழே களி. கயிறு போட்டு இழுத்தால் வண்டி வயிற்றால் உழுதுகொண்டு இன்னும் ஆழமாகப் போகும். பையால் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் ரெக்கவரி பலகையைச் செருகுவதைத் தவிர அங்கே வேறு வழி எனக்குத் தெரியாது.

வெறும் மணலில் புதைந்ததற்கெல்லாம் பையை எடுக்காதீர்கள். ஷவலும் பத்து பிஎஸ்ஐயும் போதும்.

பைக்கு மேலேயும் கீழேயும் பழைய கார்பெட் துண்டு போடுங்கள். வண்டியின் அடியில் உள்ள காப்புத் தகட்டின் (ஸ்கிட் பிளேட்) போல்ட் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் பை போயிற்று. புகைக்குழாயில் கடுஞ்சூடாக இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பக்கம் அண்டவிடக் கூடாது, பிவிசி உருகிவிடும். எந்த ஜாக்கானாலும் வண்டிக்குக் கீழே தலையோ காலோ போகக் கூடாது. இந்தப் பைக்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும். இரட்டைச் சைலன்ஸர் வண்டி என்றால் இன்னொன்றை அடைத்தால்தான் புகை பைக்குள் போகும். கோடையில் டிக்கியிலேயே விட்டு வைக்காதீர்கள். 2025 மே மாதம் அல் ஐன் பக்கத்துச் சுவைஹானில் வெளியிலேயே 51.6 டிகிரி, பூட்டிய வண்டிக்குள் எவ்வளவு இருந்திருக்கும்! நான் வீட்டு பால்கனியில் வைக்கிறேன். புகையில் இருக்கும் ஈரம் பைக்குள் தண்ணீராகத் தங்கும், மடிக்கும்போது குழாய் வழியே சாம்பல் நிறத்தில் சொட்டும். ஆரம்பத்தில் புகை அடைத்த காலத்து வாடை இன்னும் போகவில்லை. துணி காயப்போடும் இடத்தில் அதை ஏன் வைத்தீர்கள் என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அஜ்மானிலிருந்து ஒரு தம்பி, "அண்ணே, ஆஃபர்ல போட்டிருக்கான், வாங்கவா?" என்று மெசேஜ் போட்டிருக்கிறார். வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு நல்ல கம்ப்ரஸரும் கயிறும் வாங்குங்க, கூட ரெண்டு வண்டி இல்லாம மணல்ல இறங்காதீங்க. என்னோடதை விக்கிறீங்களான்னு மட்டும் கேட்டுடாதீங்க, தர மாட்டேன்.